முதலாண்டுப் புள்ளியியலுக்கு ஒரு திறந்தநிலைப் பாடநூல்: நூலகம் எதுவரை பொறுப்பேற்க வேண்டும்?

கேள்வி: ஏட்டுக்காவலர்

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நடுத்தர அளவுள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றுகிறேன். எங்கள் செவிலியர் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர், பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த வகுப்புக் குறிப்புகளைத் திறந்த உரிமத்தில் (எவரும் இலவசமாகப் படிக்கவும் பகிரவும் அனுமதிக்கும் உரிமம்) பாடநூலாக வெளியிட விரும்பி நூலகத்தை அணுகியிருக்கிறார். இதுவரை பரிந்துரைக்கப்பட்டு வந்த வணிகப் பதிப்பக நூலின் விலை மாணவர்களால் தாங்க முடியாததாகிவிட்டது. அந்நூலுடன் வரும் இணையவழிப் பயிற்சிக்கான நுழைவுக் குறியீடு ஒரு பருவம் முடிந்ததும் காலாவதியாகிவிடுவதால், மூத்த மாணவரிடம் பழைய பிரதியை வாங்கிப் படிக்கும் வழியும் அடைபட்டுவிட்டது. அவருடைய முயற்சிக்கு நூலகம் துணைநிற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பல்கலைக்கழகத்தின் ஆக்கங்களை இணையத்தில் சேமித்துத் தரும் நிறுவனக் களஞ்சியம் ஒன்றை நாங்கள் நடத்துகிறோம். பதிப்புரிமைக்கென ஒரு நூலகர் இருக்கிறார். மாகாணத்தின் இணையவழிக் கல்வி அமைப்பான இகேம்பஸ்ஒண்டாரியோ வழியாக, இணையத்தில் நூல்களை உருவாக்க உதவும் பிரஸ்புக்ஸ் மென்பொருளைப் பயன்படுத்தவும் முடியும். ஆனால் பதிப்பாசிரியரோ வடிவமைப்பாளரோ எங்களிடம் இல்லை. நூலக இயக்குநர் என்னிடம் ஒரு திட்டக் குறிப்பு கேட்டிருக்கிறார். ஆசிரியரின் பொறுப்பு எங்கே முடிந்து நூலகத்தின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது, நூலின் தரத்தை யார் உறுதி செய்வது, எந்த உரிமத்தைப் பரிந்துரைப்பது, கையிலிருக்கும் சிறிய நிதியை எதில் செலவிடுவது ஆகிய கேள்விகளிலேயே அந்தக் குறிப்பு நின்றுகொண்டிருக்கிறது. இத்தகைய பணியில் நேரடி அனுபவம் உள்ளவர்களின் கருத்தை வேண்டுகிறேன்.

மறுமொழி 1: சுவடியகம்

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தின் வெளியீட்டுப் பிரிவில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட வரிசையை விட்டுவிட்டு, எனக்கு முக்கியமாகத் தோன்றுவதிலிருந்து தொடங்குகிறேன்.

பேராசிரியருக்கு முற்றிலும் புதிய நூல்தான் வேண்டுமா, அல்லது ஏற்கெனவே உள்ள ஒன்றைச் செவிலியர் மாணவர்களுக்கேற்பத் திருத்தியமைத்தால் போதுமா என்பதை முதலில் அவரிடம் கேளுங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் வெளியீட்டு அமைப்பான ஓப்பன்ஸ்டாக்ஸ் 2013இல் வெளியிட்ட அறிமுகப் புள்ளியியல் நூல், கலிஃபோர்னியாவின் டி அன்சா கல்லூரியில் பார்பரா இலவ்ஸ்கி, சூசன் டீன் ஆகிய இரு ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்காக எழுதிய நூலிலிருந்து வளர்ந்தது. ஓர் அறக்கட்டளை அந்த மூலநூலின் உரிமையை விலைகொடுத்து வாங்கி, எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளது. அதன் நிகழ்தகவு, கருதுகோள் சோதனை அத்தியாயங்களை எடுத்துக்கொண்டு, எடுத்துக்காட்டுகளையும் பயிற்சிக் கணக்குகளையும் இரத்த அழுத்தம், மருந்தளவு, மருத்துவமனைத் தொற்று போன்றவற்றிலிருந்து புதிதாக எழுதினால், வேலை பெருமளவு குறையும். பேராசிரியரின் குறிப்புகளில் உண்மையிலேயே அவருக்கே உரிய பகுதி எது என்பதும் அப்போது தெளிவாகும்.

நூலகங்கள் இந்தப் பணிக்குள் வந்த விதத்தை அறிந்துகொள்வது உங்கள் இயக்குநருக்கும் உதவும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் 2011இல் நூலகமும் கல்வித் தலைமை அலுவலகமும் சேர்ந்து, விலையுள்ள நூலைக் கைவிட்டு இலவச வளங்களுக்கு மாறும் ஆசிரியர்களுக்கு 1,000 டாலர் அளவிலான சிறு நல்கைகளை வழங்கத் தொடங்கின. அது எழுதுவதற்கு அன்று, மாறுவதற்குத் தரப்பட்ட ஊக்கம். மறு ஆண்டில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் ஜெனிசியோ வளாக நூலகம் ஒரு படி மேலே சென்றது. பிற வளாக நூலகங்களையும் சேர்த்துக்கொண்டு ஆசிரியர்களிடம் முன்மொழிவுகளைக் கேட்டு, எழுதியவர்களுக்கும் மதிப்பாய்வு செய்தவர்களுக்கும் ஊதியம் கொடுத்து, நூலகர்களையே பதிப்புப் பணியில் ஈடுபடுத்தி நூல்களை வெளியிட்டது. மதிப்பாய்வாளருக்கு ஊதியம் தருவது என்ற அந்த முடிவைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பாடநூலை வரிக்கு வரி படித்துப் பிழை சொல்வது கடும் உழைப்பு. அதை நட்புக்காகச் செய்யச் சொன்னால் நட்புக்குத் தக்க அளவில்தான் நடக்கும்.

பொறுப்பின் எல்லையைப் பற்றி என் நிலைப்பாடு இது. உள்ளடக்கம் சரியா என்பதற்கு ஆசிரியர் பொறுப்பு. உரிமைச் சரிபார்ப்பு, மதிப்பாய்வு ஏற்பாடு, அணுகுதன்மைச் சோதனை (மாற்றுத்திறனாளர்களாலும் நூலைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பது), பட்டியலிடல், நிலையான முகவரி, மூலக்கோப்புகளின் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு நூலகம் பொறுப்பு. ஆனால் இந்தப் பிரிவினையைவிட முக்கியமான ஒன்றைப் பல நூலகங்கள் எழுதிவைப்பதில்லை: நூல் வெளியான பிறகு என்ன நடக்கும் என்பது. ஒரு மாணவர் பிழை கண்டு எழுதினால் யார் பதிலளிப்பார்? ஆசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் திருத்தும் உரிமை யாரிடம் இருக்கும்? பருவத்தின் நடுவில் பக்க எண் மாறினால் வீட்டுப்பாடம் குழம்பிவிடும் என்பதால், எந்த மாதத்தில் மட்டும் புதிய பதிப்பை ஏற்றுவது? இவற்றுக்கான விடைகளை ஆசிரியரும் நூலகமும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள். வெளியிடும் நாள்வரை திட்டமிட்டு, அதற்குப் பிந்தைய ஐந்தாண்டுகளைத் திட்டமிடாத நூலகம், உண்மையில் ஒரு கோப்பைத்தான் இணையத்தில் ஏற்றியிருக்கிறது.

இதற்கு நல்ல முன்மாதிரியாக வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக நூலகத்தைச் சொல்வேன். அங்கு மின்காந்தவியல் கற்பிக்கும் ஸ்டீவன் எலிங்சன் எழுதிய பாடநூலின் முதல் தொகுதியை 2018இலும் இரண்டாம் தொகுதியை 2020இலும் நூலகம் வெளியிட்டது. முதல் தொகுதி முதலில் சோதனைப் பதிப்பாகவே வந்தது. பிடிஎஃப் கோப்போடு, திருத்தத்தக்க லேடெக்ஸ் (சூத்திரங்களை எழுதப் பயன்படும் குறியீட்டு முறை) மூலக்கோப்புகளையும் கொடுத்தார்கள். அச்சுப் பிரதி வேண்டுவோருக்கு வேண்டியபோது அச்சிடும் வழியும் செய்தார்கள். நூலைத் தம் பாடத்தில் பயன்படுத்தும் ஆசிரியர்கள் அதைத் தெரிவிக்க ஒரு படிவமும் வைத்தார்கள். இலவசமாகப் பதிவிறக்கப்படும் நூலை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை அறிய வேறு வழி எளிதில் கிடைக்காது.

தரத்துக்கு இரண்டு கட்டங்களாக மதிப்பாய்வை வையுங்கள். வெளியீட்டுக்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருக்கும் இரண்டு பாட வல்லுநர்கள் படிக்கட்டும்; பிறகு ஒரு பருவம் வகுப்பில் பயன்படுத்தி, மாணவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மினசோட்டா பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கிய திறந்தநிலைப் பாடநூல் நூலகத்தில், ஆசிரியர்கள் 10 அளவுகோல்களைக் கொண்டு நூல்களை மதிப்பிட்டு, அந்த மதிப்புரைகளை அனைவரும் படிக்க வெளியிடுகிறார்கள். துல்லியம், தெளிவு, ஒருசீர்மை, பகுதிகளாகப் பிரித்துப் பயன்படுத்தும் வசதி, பண்பாட்டுப் பொருத்தம் என்று அவை விரிகின்றன. உங்கள் மதிப்பாய்வாளர்களுக்கும் அதே அளவுகோல்களைக் கொடுக்கலாம். பின்னர் நூலை அங்கே சேர்க்க விண்ணப்பிக்கும்போது ஏற்கெனவே பழகிய கேள்விகளாக இருக்கும்.

நிதியை மொழிச் செம்மைக்கும் மதிப்பாய்வுக்கும் செலவிடுங்கள். அட்டை வடிவமைப்பு காத்திருக்கலாம்.

மறுமொழி 2: எண்கோவை

நான் நூலகர் அல்லன்; கனடாவில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். நூலகத்தின் துணையுடன் ஒரு சிறிய திறந்தநிலை நூலை எழுதி முடித்தவன் என்ற முறையில், ஆசிரியருக்கு நூலகத்திடமிருந்து உண்மையில் என்ன தேவைப்படுகிறது என்று சொல்ல விரும்புகிறேன்.

வகுப்புக் குறிப்புகளைப் பாடநூலாக்கும்போது முதலில் இடர் தருபவை படங்களும் தரவுகளும்தான். வகுப்பறைக்குள் காட்டுவதற்காக ஆண்டுக்கணக்கில் எங்கெங்கிருந்தோ எடுத்துச் சேர்த்த வரைபடங்கள் குறிப்புகளில் நிறைந்திருக்கும். அவற்றின் மூலம் எது என்று ஆசிரியருக்கே நினைவிருக்காது. கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம் கல்வியையும், அனுமதியின்றிப் பிறர் ஆக்கத்தை ஓரளவு பயன்படுத்த விடும் நியாயமான பயன்பாட்டு நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்த்தது உண்மைதான். ஆனால் உலகெங்கும் எவரும் எடுத்துத் திருத்தி மறுபடி வெளியிடலாம் என்று உரிமம் கொடுக்கும் நூலுக்குள், அந்த விதிவிலக்கை நம்பி பிறர் படத்தை வைப்பது, அடுத்தடுத்துப் பயன்படுத்துவோர் தலையில் சிக்கலை ஏற்றுவதாகும். எனவே உங்கள் பதிப்புரிமை நூலகர் முதல் வரைவு முடியும்வரை காத்திராமல் முதல் அத்தியாயத்திலேயே பேராசிரியருடன் அமர வேண்டும்.

புள்ளியியல் நூலுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஸ்டாடிஸ்டிக்ஸ் கனடா தன் தரவுகளைத் திறந்த உரிமத்தில் தருகிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் வணிக நோக்கத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம். அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்கள் தம் பணியில் உருவாக்கும் ஆக்கங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை என்பதால், அங்குள்ள நோய்த்தடுப்பு மையத்தின் பல அட்டவணைகளையும் பயன்படுத்த முடியும். செவிலியர் மாணவர்களுக்கு, கற்பனை எண்களைவிட இத்தகைய உண்மையான எண்களே பாடத்தை அருகில் கொண்டுவருகின்றன. வரைபடங்களை ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் நீங்களே வரைந்து, வரைந்த நிரலையும் கூடவே கொடுத்துவிடுங்கள். நூலின் கடைசியில் வரும் டி-பரவல், இயல்நிலைப் பரவல் அட்டவணைகளையும் வேறொரு நூலிலிருந்து நகலெடுக்காமல் ஆர் கொண்டே கணக்கிட்டு உருவாக்குவது சில நிமிட வேலை. விலைக்கு விற்கப்படும் புள்ளியியல் மென்பொருளின் திரைப்பிடிப்புகளை இயன்றவரை தவிருங்கள். உரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்க, அந்த மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததுமே உங்கள் அத்தியாயம் பழசாகிவிடும்.

அடுத்தது அணுகுதன்மை. ஒண்டாரியோவில் 2005ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் அணுகுதன்மைச் சட்டத்தின்கீழ் உள்ள விதிகள், கல்வி நிறுவனங்களுக்குப் பாடநூல் தயாரிப்போர், கேட்கப்படும்போது அணுகத்தக்க வடிவத்தைத் தர வேண்டும் என்கின்றன. நூலகம் வெளியீட்டாளராகும்போது அந்தக் கடமையும் சேர்ந்தே வருகிறது என்பதை உங்கள் இயக்குநரிடம் சொல்லுங்கள். சூத்திரங்களைப் படங்களாக ஒட்டினால் திரைபடிப்பான் (திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) கொண்டு படிக்கும் மாணவருக்கு அந்தப் பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். லேடெக்ஸ் குறியீட்டில் எழுதினால் பிரஸ்புக்ஸ் அவற்றை முறையாகக் காட்டும். படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதை விவரிக்கும் மாற்று உரையை ஆசிரியரே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "ஒரு சிதறல் வரைபடம்" என்று நூலகப் பணியாளர் எழுதுவார். "வயது கூடக்கூட இரத்த அழுத்தமும் கூடுகிறது, ஆனால் அறுபதுக்கு மேல் புள்ளிகள் பரவலாகச் சிதறுகின்றன" என்று ஆசிரியரால்தான் எழுத முடியும். பார்வையுள்ள மாணவர் அந்தப் படத்திலிருந்து பெறுவது இரண்டாவது வாக்கியத்தைத்தான்.

ஆசிரியருக்கு அங்கீகாரமும் தேவை. பாடநூல் எழுதுவதைப் பதவி உயர்வுக் குழுக்கள் ஆய்வுக் கட்டுரைக்கு இணையாகக் கருதாத இடங்கள் பல. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் தன் பதவி உயர்வு வழிகாட்டியில் திறந்தநிலைக் கல்வி வளங்களையும் குறிப்பிட்டுச் சேர்த்திருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லையென்றால், மதிப்பாய்வு நடந்த முறை, நூலைப் பயன்படுத்தும் நிறுவனங்கள், பதிவிறக்க விவரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு நூலகம் ஆண்டுதோறும் ஒரு கடிதம் கொடுக்கலாம். செலவில்லாத உதவி, ஆனால் ஆசிரியருக்குப் பெரிது.

உரிமத்தைப் பொறுத்தவரை, வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனையை நான் சேர்த்தேன். என் உழைப்பை எவரோ அட்டை போட்டு விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி 3: மேற்கரை

எண்கோவை ஐயா சொன்னவற்றில் கடைசிப் பத்தியைத் தவிர அனைத்தையும் வழிமொழிகிறேன். உரிமத்தில் மட்டும் மாறுபடுகிறேன். அவருடைய மனவருத்தத்தை மதித்தே இதைச் சொல்கிறேன்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 அக்டோபரில் மாகாண அரசு, மாணவர் எண்ணிக்கை மிகுந்த 40 பாடங்களுக்குத் திறந்தநிலைப் பாடநூல்களை உருவாக்கும் பொறுப்பைப் பிசிகேம்பஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது, புதிதாக எழுதுவதோடு, பிற இடங்களில் எழுதப்பட்டவற்றைக் கனடாவுக்கேற்பத் திருத்துவதும் அந்தப் பணியில் பெரும் பங்கு வகித்தது. திருத்துவதற்கு உரிமங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனையுள்ள ஒரு நூலின் அத்தியாயத்தையும், அத்துடன் வணிகத் தடையும் உள்ள இன்னொரு நூலின் அத்தியாயத்தையும் கலந்து ஒரு தழுவல் நூலாக்க முடியாது. ஒவ்வோர் ஆசிரியரும் பாதுகாப்பு கருதிச் சேர்க்கும் நிபந்தனை, கடைசியில் நூல்களைத் தனித்தனித் தீவுகளாக்கிவிடுகிறது.

அச்சுப் பிரதியையும் எண்ணிப் பாருங்கள். திரையில் நீண்ட நேரம் படிக்க இயலாத மாணவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நிலையான இணையம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். வளாகப் புத்தகக் கடை அச்சிட்டுச் சிறிது இலாபம் வைத்து விற்றால் அது வணிகப் பயன்பாடா என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லாததால், கடைக்காரர் தயங்கி ஒதுங்கிவிடுவார். விற்பவரை அஞ்சும் ஆசிரியருக்கு நான் பரிந்துரைப்பது, அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் வைப்பது. எவர் விற்றாலும், இலவசமாகக் கிடைக்கும் மூலப்பிரதி அவருக்குப் போட்டியாக நிற்கும். திருத்தி விற்றாலும் அந்தத் திருத்தங்கள் திறந்தவையாகவே இருக்க வேண்டும்.

இன்னொன்று. உரிமம் கொடுக்கும் உரிமை யாருடையது என்பதை முதலிலேயே பாருங்கள். கனடாவின் சட்டப்படி, மாறான உடன்பாடு இல்லாவிட்டால் பணியின் ஒரு பகுதியாக உருவாகும் ஆக்கத்தின் பதிப்புரிமை பணியளிப்பவரைச் சேரும். பல பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் சங்க ஒப்பந்தம் அதை ஆசிரியருக்கே விட்டுக்கொடுக்கிறது. ஆயினும் பகுதிநேர ஆசிரியர்களுக்கும், படம் வரைந்து தரும் மாணவ உதவியாளர்களுக்கும் அது பொருந்துமா என்று தனியே பார்க்க வேண்டும். உதவியாளரிடம் எழுத்துமூல ஒப்புதல் வாங்காமல் ஒரு படத்தையும் சேர்க்காதீர்கள்.

நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐஎஸ்பிஎன் கனடாவில் இலவசமாகவே கிடைக்கும். வெளியீட்டாளர் என்று நூலகத்தின் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி 4: வடகரை ஆசிரியர்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள மாணவர்கள் உயர்தரம்வரை (பள்ளியின் இறுதி நிலை) கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் நுழைந்ததும் ஆங்கிலவழி விரிவுரைகளை எதிர்கொள்கிறார்கள். முதலாம் ஆண்டில் அவர்கள் திணறுவது பாடத்தால் அன்று, மொழியால் என்பதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். உங்கள் பேராசிரியரின் நூலைப் போன்ற ஒன்றிலிருந்து மூன்று நான்கு அத்தியாயங்களைத் தமிழில் தந்து, ஆங்கில மூலத்துடன் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கச் செய்தால், அந்த இடைவெளியைப் பெரிதும் குறைக்கலாம்.

அதற்கு எங்களுக்கு இரண்டு தேவைப்படும். மாற்றம் கூடாது என்ற நிபந்தனை உரிமத்தில் இருக்கக் கூடாது. அந்த ஒரு நிபந்தனை இருந்தால் மொழிபெயர்ப்பை வெளியிட முடியாது. பிடிஎஃப் மட்டுமன்றித் திருத்தத்தக்க மூலக்கோப்பும் கிடைக்க வேண்டும். பிடிஎஃப் கோப்பிலிருந்து சூத்திரங்களை ஒவ்வொன்றாக மறுபடி தட்டச்சு செய்யும் வேலையே பல நல்ல மொழிபெயர்ப்பு முயற்சிகளைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. வரைபடங்களுக்குள் இருக்கும் ஆங்கிலச் சொற்களை மாற்ற, எண்கோவை ஐயா சொன்ன ஆர் நிரல் எங்கள் கைக்குக் கிடைத்தால் அதைவிட உதவி வேறில்லை. நூலை ஒரு வளாகத்தின் மாணவர்களுக்காக மட்டும் வெளியிடுவதாக எண்ணாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஏட்டுக்காவலர்

மறுமொழி தந்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பேராசிரியருடன் பேசினேன். ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலின் கோட்பாட்டுப் பகுதியை அடிப்படையாகக் கொண்டு, மருத்துவ எடுத்துக்காட்டுகளையும் பயிற்சிகளையும் தாம் எழுதுவதற்கு அவர் ஒப்புக்கொண்டார். கனடாவின் தரவுகளைப் பயன்படுத்துவது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. வடகரை ஆசிரியரின் மடலை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அதன் பிறகு, உரிமத்தில் அதே உரிமத்தில் பகிர்தல் என்ற நிபந்தனை மட்டும் போதும் என்று அவரே முடிவு செய்தார். மூலக்கோப்புகளும் வரைபட நிரல்களும் நூலுடன் களஞ்சியத்தில் வைக்கப்படும்.

ஒரு கேள்வி மீதமிருக்கிறது. பயிற்சிக் கணக்குகளின் விடைகளையும் தேர்வு வினாத் தொகுப்பையும் என்ன செய்வது? அவற்றையும் திறந்துவிட்டால் பிற ஆசிரியர்கள் நூலை ஏற்கத் தயங்குவார்கள் என்று பேராசிரியர் கருதுகிறார்.

சுவடியகம்

அவர் கருத்து சரியே. ஒற்றைப்படை எண் கொண்ட கணக்குகளின் விடைகளை முழு விளக்கத்துடன் நூலிலேயே கொடுங்கள். தனியே படிக்கும் மாணவருக்கு அது அவசியம். இரட்டைப்படைக் கணக்குகளின் விடைகளும் வினாத் தொகுப்பும் நூலின் பகுதியாகாமல் தனிக் கோப்பாக இருக்கட்டும். நூலகம் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நிறுவன மின்னஞ்சலிலிருந்து கேட்கும் ஆசிரியர்களுக்கு, கேட்பவர் உண்மையில் அந்நிறுவனத்தில் கற்பிப்பவர்தானா என்று சரிபார்த்து அனுப்பலாம். ஓப்பன்ஸ்டாக்ஸும் ஆசிரியர்களுக்கான வளங்களை இவ்வாறு சரிபார்த்தே தருகிறது. இந்த வேலை யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கோரிக்கைகள் பருவத் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் குவியும். கேட்டு எழுதும் ஒவ்வோர் ஆசிரியரிடமும் எந்தப் பாடத்துக்கு, எத்தனை மாணவர்களுக்கு என்று கேட்டுப் பதிந்துகொண்டால், எண்கோவை குறிப்பிட்ட ஆண்டுக் கடிதத்துக்கான விவரங்களும் அங்கேயே சேர்ந்துவிடும்.